சரியான விடைக்குச் சிவப்பு: வினாடி வினா ஆப்போடு இரண்டு வருடம்

ஓராண்டுச் சந்தாவைப் பாதி விலைக்கு இறக்கியிருக்கிறார்கள், வாங்கலாமா என்று தோழி கேட்டாள். குரூப் 4 தேர்வுக்காக இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அந்த ஆப்பில்தான் பயிற்சி எடுக்கிறேன். மற்ற வசதிகள் அவளுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது கேள்விகளைப் பற்றி.

பொதுத்தமிழ்ப் பகுதியை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். 'எட்டுத்தொகையில் புறம் மட்டும் பாடும் நூல்கள் எவை?' என்று ஒரு கேள்வி. புறநானூறு, பதிற்றுப்பத்து. அந்த 'மட்டும்' இல்லையென்றால் பரிபாடலையும் சேர்த்தவர் சண்டைக்கு வரலாம். அதில் அகமும் உண்டு, புறமும் உண்டு. ஒரே சொல்லில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். விடைக்குக் கீழே காரணமும் இருக்கிறது. சங்க இலக்கியத்தைப் பயமில்லாமல் தொட்டதே இந்தக் கேள்விகளால்தான்.

பொது அறிவுப் பகுதிக்குப் போனால் வயிறு எரிகிறது. 'தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார்?' ஜானகி ராமச்சந்திரன் என்று தொட்டேன். சிவப்பு. ஜெயலலிதா பெயரில் பச்சை. ஜானகி அம்மாள் முதலமைச்சராக இருந்தது 1988 ஜனவரியில், ஜெயலலிதா வந்தது 1991இல். மூன்று வாரம் சொச்சம்தான் என்றாலும் பதவி பதவிதானே? நான்கு முறை புகார் அனுப்பினேன். நான்கு முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது.

தேசிய விளையாட்டுக் கேள்வி இன்னும் மோசம். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று 2012இல் விளையாட்டு அமைச்சகமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்துவிட்டது. 'இவற்றுள் எதுவுமில்லை' என்ற சரியான விடையையும் நான்காவதாக வைத்துவிட்டு, அதைத் தொட்டால் சிவப்பு, ஹாக்கிக்குப் பச்சை! மாவட்டங்கள் 38 ஆன பிறகும் 32 என்று ஒரு கேள்வி கிடக்கிறது. அரைகுறையாகப் படித்தவர் தப்பிக்கிறார், தேடிப் படித்தவர் மாட்டிக்கொள்கிறார்.

தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தேர்வாணையமே உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்கிறது. காசு வாங்கும் ஆப்புக்கு அதில் பாதிப் பொறுப்பாவது வேண்டாமா?

தமிழ்ப் பகுதிக்கு நான் பட்ட கடன் பெரியது. ஆனாலும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஜானகி அம்மாள் பெயரில் பச்சை விழட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.