பழைய பப்களில் புதிர் நடை: லண்டனா, எடின்பரோவா?

கையில் ஒரு துப்புச் சீட்டு. ஒவ்வொரு புதிருக்கும் விடை ஏதாவது ஒரு பழைய பப்பின் சுவரிலோ பலகையிலோ ஒளிந்திருக்கும். கண்டுபிடித்தால் அடுத்த பப்புக்கு வழி தெரியும். பிரிட்டன் போகிறவர்கள் இதற்கு ஒரே ஒரு மதியத்தைத்தான் ஒதுக்க முடியும் என்றால் லண்டன் ஃப்ளீட் தெருப் பக்கம் போகலாமா, எடின்பரோ பழைய நகருக்கா? என் ஓட்டு லண்டனுக்கு. ஆனால் அது வார நாளாக இருக்க வேண்டும்.

நல்ல புதிர் என்றால் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் விடை கிடைக்க வேண்டும். இதில் லண்டனை அடித்துக்கொள்ள ஆளில்லை. லண்டன் நகரை எரித்த 1666 பெருந்தீக்கு அடுத்த ஆண்டு, 1667இல், திரும்பக் கட்டப்பட்ட ‘யீ ஓல்ட் செஷயர் சீஸ்’ பப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசல் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பக்கத்துப் பலகையில் இரண்டாம் சார்லஸ் தொடங்கி, அதன் காலத்தில் ஆண்ட மன்னர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ‘இந்தக் கதவு எத்தனை வில்லியம்களைப் பார்த்தது?’ என்று ஒரு புதிர் போட்டால் போதும், மொத்தக் குழுவும் அண்ணாந்து நின்று எண்ணும்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ‘பிளாக் ஃப்ரையர்’. ஒரு காலத்தில் துறவிமடம் இருந்த இடம் என்பதால், 1905 வாக்கில் உள்ளே முழுக்கத் துறவிகளையே சிற்பமாக்கிவிட்டார்கள். 1960களில் இடிக்கப் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். ஒரு செப்புப் புடைப்புச் சிற்பத்தில் துறவிகள் மும்முரமாக மீன் பிடிக்கிறார்கள். தலைப்பு: ‘நாளை வெள்ளிக்கிழமை’. ஏன் என்பதுதான் புதிர். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு இறைச்சி கிடையாது! இந்த ஒரு அறையில் மட்டும் அரை மணி நேரம் போய்விடும், போகட்டும்.

ஹாட்டன் கார்டன் பக்கம் ‘யீ ஓல்ட் மைட்டர்’ இருக்கிறது. 1546இல் ஈலி நகர ஆயரின் (பிஷப்) பணியாட்களுக்காகத் தொடங்கியது. உள்ளே ஒரு பழைய செர்ரி மரத் தண்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். முதலாம் எலிசபெத் அதைச் சுற்றி ஆடினார் என்பது கர்ண பரம்பரைக் கதை. வழி அவ்வளவு குறுகல், தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட சந்துகளில் போனிலுள்ள வரைபடம் தடுமாறும் என்பதால், செயலியைவிட அச்சிட்ட கையேடே மேல்.

லண்டனின் குறை, நேரம். மைட்டர் சனி, ஞாயிறுகளில் வழக்கமாக மூடியிருக்கும். வார நாளிலும் மதிய உணவு வேளையிலும் மாலை ஐந்துக்குப் பிறகும் அலுவலகக் கூட்டம் நெரியும், சுவரைப் பார்க்கவே முடியாது. இரண்டரை மணிக்குத் தொடங்குவது உத்தமம்.

சரி, எடின்பரோ? கதைகள் இங்கே இன்னும் காரமானவை. பகலில் மதிப்புள்ள மரவேலைக்காரர், இரவில் திருடர் என்று வாழ்ந்து 1788இல் தூக்கிலேறிய டீக்கன் புரோடியின் பெயரில், பழைய நகரின் முக்கியத் தெருவான ராயல் மைலில் ஒரு பப். 1724இல் தூக்கிலிடப்பட்டும் உயிர் பிழைத்த மேகி டிக்சன் பெயரில் கிராஸ்மார்க்கெட்டில் இன்னொன்று. ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ பப் அருகே சாலையில் பதித்த பித்தளைக் கட்டைகள் பழைய நகர வாயில் இருந்த இடத்தைக் காட்டுகின்றன. காலடியில் கிடக்கும் அருமையான துப்பு அது. ஆனால் மற்ற பல இடங்களில் கதையைப் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். படித்தால் போதும், தேட வேண்டியதில்லை.

அதுவே சிலருக்கு வசதி. விடைகள் பெரும்பாலும் வெளியே இருப்பதால் பப் மூடியிருந்தாலும் நடை நிற்காது. குழந்தைகளோடு போகிறவர்களும் வார இறுதியில் மட்டும் நேரமுள்ளவர்களும் யோசிக்காமல் எடின்பரோ போகலாம். ஏற்ற இறக்கம் அதிகம், முட்டிவலிக்காரர்கள் கவனம். ஆகஸ்ட் விழாக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

குடிக்காதவர்களுக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். உள்ளே போனதும் ஒரு ஜூஸாவது வாங்கிவிட்டு அப்புறம் சுவரை ஆராயுங்கள், அதுதான் மரியாதை. குடிப்பவர்கள் அரை பைண்ட் (கால் லிட்டருக்குச் சற்று மேல்) பீரோடு நிறுத்திக்கொண்டால்தான் கடைசிப் புதிர் வரை தாக்குப்பிடிக்கலாம்.