உருகிய எரிபொருளை வெளியே எடுப்பதா, மூடிக் காப்பதா?

அணு உலை விபத்துக்குப் பிந்தைய தூய்மைப் பணி எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அறிய, உருகிய எரிபொருளில் எத்தனை டன் வெளியே வந்தது, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பதே நேரான வழி. த்ரீ மைல் ஐலண்ட், செர்னோபில், புகுஷிமா டாய்ச்சி ஆகிய மூன்றும் இதற்குத் தரும் விடைகளிடையே பெரும் வேறுபாடு உண்டு.

அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் 1979 மார்ச் 28 அன்று இரண்டாம் உலை உருகியபோது, எரிபொருளை வைத்திருந்த எஃகுக் கலன் உடையாமல் நின்றது. கலனை நீரால் நிரப்பி, அந்த நீரையே கதிர்வீச்சுக்குத் தடுப்பாகக் கொண்டு, மேலிருந்து நீண்ட கருவிகளை இறக்கிப் பணியாளர்கள் சிதைவுகளை எடுக்க முடிந்தது. 1985 அக்டோபரில் தொடங்கிய அகற்றல், நீரில் நுண்ணுயிர்கள் பெருகிப் பார்வையை மறைத்த தடையையும் தாண்டி, 1990 ஜனவரியில் முடிந்தது. சுமார் 100 டன் ரயிலில் ஐடஹோவுக்குச் சென்றது. ஏறத்தாழ ஒரு விழுக்காடு உலையில் எஞ்சியது. எடுத்ததையும் எஞ்சியதையும் கூட்டிச் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது ஒன்றுதான்.

உக்ரைனின் செர்னோபிலில் விபத்து நடந்த 1986ஆம் ஆண்டிலேயே, நவம்பரில், காங்கிரீட்டாலும் எஃகாலும் உலையை மூடினார்கள். 2016இல் அதன் மேல் நூறாண்டு தாங்கும் வகையில் வடிவமைத்த பெரும் வளைவுக் கூரையை நகர்த்தி நிறுத்தினார்கள். உள்ளே உறைந்த எரிபொருள் பெரும்பாலும் அங்கேயே இருப்பதால், கண்காணிப்பு என்பது நியூட்ரான் அளவையும் (அணுப்பிளவு மீண்டும் தொடங்குகிறதா என்பதற்கான அறிகுறி) கதிரியக்கத் தூசியையும் பார்த்துக்கொண்டிருப்பதாகவே நின்றுவிட்டது. 2025 பிப்ரவரி 14 அன்று ட்ரோன் தாக்கி அந்தக் கூரையில் துளை விழுந்தது. மூடிவைப்பதன் பாதுகாப்பு, வெளியே நிலவும் அமைதியையும் நம்பியிருக்கிறது.

ஜப்பானின் புகுஷிமாவில் 2011இல் உருகிய மூன்று உலைகளிலுமாகச் சுமார் 880 டன் சிதைவுகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் இரண்டாம் உலையிலிருந்து முதன்முதலாக வெளிவந்தது ஒரு கிராமுக்கும் குறைவு. நான்காம் உலையில் எரிபொருளைச் சேமித்து வைத்திருந்த குளத்திலிருந்து 1,535 எரிபொருள் தொகுப்புகளை 2014 இறுதிக்குள் எடுத்து முடித்தது அரிய சாதனைதான். ஆனால் அவை உருகாத தொகுப்புகள், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முழு அளவிலான அகற்றல் 2037க்கு முன் தொடங்காது என 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பணி முழுவதும் முடிய வேண்டிய இலக்கு ஆண்டோ 2051 என்றே நிற்கிறது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் 880 டன் என்றால் ஆண்டுக்குச் சுமார் 63 டன், அதாவது த்ரீ மைல் ஐலண்ட் வேகத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அங்கே கலன் உடையவில்லை; இங்கே எரிபொருள் கலனைத் துளைத்துக் கீழே விழுந்து, காங்கிரீட்டோடும் உலோகத்தோடும் கலந்திருக்கிறது. அந்த இலக்கை என்னால் நம்ப முடியவில்லை.

அப்படியானால் செர்னோபிலைப்போல் மூடிவிடலாமே என்ற யோசனை 2016இல் அதிகாரபூர்வ ஆவணம் ஒன்றிலேயே இடம்பெற்று, புகுஷிமா மாகாணத்தின் கடும் எதிர்ப்பால் நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன்: மலைப்பக்கத்திலிருந்து கட்டடங்களின் அடியில் நிலத்தடி நீர் வந்துகொண்டிருக்கும் இடத்தில், மேலே கூரை போட்டால் மட்டும் போதாது, உலை அமைந்த ஊர்களான ஒகுமாவுக்கும் ஃபுதாபாவுக்கும் திரும்பும் மக்களிடம் அதைத் தீர்வென்று சொல்லவும் முடியாது. எடுப்பதே சரி, மெதுவாக எடுத்தாலும். ஆனால் ஆண்டுதோறும் எடுத்த எடையை அறிவிப்பதோடு, எடுத்தவை இறுதியாக எங்கே தங்கும் என்பதையும் அரசு சொல்லியாக வேண்டும். அந்த இடம் இன்னும் முடிவாகவில்லை.