ஏரி வாய்க்கால், மலையோடை, கொளத்தூர்க் கடை: தொட்டிக்கு நாட்டு மீன் சேர்க்கும் மூன்று வழிகள்

நாட்டு நன்னீர் மீன்களை வீட்டுத் தொட்டியில் வளர்க்க விரும்பும் தமிழ்நாட்டு ஆர்வலருக்கு மூன்று வழிகள் உண்டு. சமவெளியின் ஏரி, குட்டை, வயல் வாய்க்கால்களில் தாமே கைவலை போட்டுப் பிடிக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தேடிச் செல்லலாம். சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் விலைக்கு வாங்கலாம். பெரும்பாலோரின் ஆசை முதலில் மலையோடையின் பக்கம்தான் செல்கிறது, ஏனெனில் அங்குள்ள மீன்கள் நிறமும் விரைவும் மிக்கவை, நீர் கண்ணாடிபோல் இருப்பதால் அவற்றின் அழகு கரையிலிருந்தே தெரிகிறது. வளர்ப்பவரின் வசதி, மீனின் நலம், சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது என்பதே என் கணிப்பு. வாய்க்காலுக்கு முதலிடம், கடைக்கு இரண்டாமிடம். மலையோடை பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும்.

இதற்கு முதற்காரணம் உயிர்வளி (ஆக்சிஜன்). 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் குளிர்ந்த நீரில் பிறந்த மீனுக்கு உடலமைப்பே அந்த நிறைவை நம்பித்தான் அமைந்திருக்கிறது. அதை 60 சென்டிமீட்டர் நீளமும் 54 லிட்டர் கொள்ளளவும் கொண்ட தொட்டியில், சித்திரை மாதத்துச் சென்னை வீட்டில் வைத்தால், காற்றுக்குழாய் ஓடும்வரை ஒருவாறு தாக்குப்பிடிக்கும். இரவில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் வராவிட்டால் காலையில் என்ன மிஞ்சும் என்று சொல்ல இயலாது. நீரைக் குளிர்விக்கும் கருவி இருக்கிறது, ஆனால் அதன் விலை தொட்டி, மீன், வடிகட்டி எல்லாவற்றின் விலையையும் விழுங்கிவிடும்.

வாய்க்கால் மீன்களின் நிலை நேர்மாறானது. நெல்வயல் ஓரத்துக் கலங்கல் நீரில் வாழும் நாட்டுப் பாரடைஸ் மீன், தலைக்குள் அமைந்த தனி உறுப்பின் துணையால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கிறது. பனையேறிக் கெண்டைக்கும் விராலுக்கும் இதே திறன் உண்டு. ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் வளராத இந்தப் பாரடைஸ் மீனைச் சிறு தொட்டிக்கென்றே படைத்ததாகச் சொல்லலாம். ஆண் மீன் மிதக்கும் இலையின் அடியில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும் காட்சியை, கடையில் பெருவிலைக்கு வாங்கிய எந்த மீனும் இவ்வளவு எளிதாகக் காட்டிவிடாது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேற்பரப்பிலேயே நிற்கும் பாஞ்சாக்ஸ் மீன் கொசுப்புழுவை விரும்பி உண்ணும். துள்ளி வெளியே விழும் வழக்கம் அதற்கு உண்டாகையால் தொட்டிக்கு மூடி கட்டாயம். மணற்பரப்பு வேண்டுவோருக்கு அயிரை இருக்கிறது. மதுரைப் பக்கத்துச் சந்தைகளில் குழம்புக்காக உயிரோடு விற்கப்படும் இம்மீனைப் பிடிக்கப் போக வேண்டிய தேவையே இல்லை. காலையிலேயே சென்று, மீசை முறியாமல் துடிப்போடு இருப்பவற்றைப் பொறுக்கி வாங்கினால் போதும். இதை நான்காவது வழி என்றே எண்ணலாம், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் வியப்பு.

வாய்க்கால் வழியின் பெருமை மீனின் வலிமையில் மட்டும் இல்லை, பிடிக்கும் காலத்திலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். சினை கொண்ட மீன்கள் கூட்டமாக அகப்படும் அந்த நாள்களில் வலை வீசுவது எளிது, ஆனால் அதுதான் பிடிக்கக் கூடாத காலம். பங்குனி முதல் நீர் வற்றத் தொடங்கியதும் ஏரியின் பரப்பு துண்டு துண்டான குட்டைகளாகப் பிரிந்துவிடும். தாய்நீரிலிருந்து அறுபட்ட அந்தச் சிறு குட்டைகளில் உள்ள மீன்களில் பெரும்பகுதி கொக்குக்கும் வெயிலுக்கும் போகப் போகிறவையே. அவற்றில் பத்துப் பன்னிரண்டை எடுப்பதால் அடுத்த ஆண்டின் மீன்வளம் குறையாது. கடைசிவரை நீர் நிற்கும் ஆழமான மடுவில் மட்டும் கை வைக்கக் கூடாது, ஏனெனில் மறுமழைக்கு ஏரியை நிரப்பும் விதைமீன் அதில்தான் இருக்கிறது. பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விடப்பட்டிருக்கும். தொட்டிக்குப் பொடி மீன் பிடிப்பதாக இருந்தாலும் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை. பெரும்பாலும் அவர் சிரித்துக்கொண்டே அனுமதிப்பார், ஏனெனில் தொட்டிக்காரருக்கு வேண்டிய மீன் அவருக்குக் காசாகாது.

மலையோடையில் இப்படித் தீங்கின்றி எடுக்க இடமே இல்லை. தாமிரபரணியின் பெயரையே அறிவியற்பெயரில் தாங்கிய ஒரு கெண்டை இனம் உண்டு. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீண்டு பறக்கும், பார்த்தவர் கண்ணை எடுக்க மாட்டார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. அந்த ஆற்றின் மேற்பகுதி, 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. காப்பகத்தில் அனுமதியின்றி ஒரு மீனை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் பட்டியல்கள் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்டுவிட்டதால், பழைய பட்டியலை நம்பி எந்த மீனையும் எடுக்கவோ வாங்கவோ கூடாது. காட்டெல்லைக்கு வெளியே, அடிவாரத்து ஓடையிலிருந்து எடுக்கலாமே என்று கேட்போருக்குச் சட்டம் தடையாக இல்லாமல் போகலாம், முன்னர்ச் சொன்ன உயிர்வளிக் கணக்கு தடையாகவே இருக்கும்.

கடையின் வலிமை வேறு. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன் உலர்தீனிக்குப் பழகியிருக்கும், கண்ணாடியில் முட்டிக்கொள்ளாது, இனம் இன்னதென்று உறுதியாகத் தெரியும். ஆரஞ்சு குரோமைடு, ஜெயண்ட் டேனியோ போன்ற நம் மண்ணின் மீன்கள் நெடுங்காலமாகப் பண்ணைகளில் பெருக்கப்படுகின்றன. அவற்றைக் கடையில் வாங்குவதே அறிவுடைமை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், கடைத்தொட்டியில் நீந்தும் எல்லா நாட்டு மீனும் பண்ணையில் பிறந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய மிஸ் கேரளா மீன் 1997-இல் சிங்கப்பூர் வண்ணமீன் கண்காட்சியில் பரிசு பெற்றபின் உலகச் சந்தையின் செல்லமாகி, ஆறுகளிலிருந்து பெருமளவில் அள்ளப்பட்டது. இன்று அதுவும் அழியும் நிலை இனங்களின் வரிசையில் இருக்கிறது. அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பம் வந்துவிட்டாலும், காட்டில் பிடித்ததும் பண்ணையில் பிறந்ததும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. ஆகவே எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தராத கடையில் நாட்டு மீன் வாங்குவது, தாமே போய் மலையோடையில் வலை வீசுவதற்குச் சமம்.

நோயைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் குறை உண்டு, வகைதான் வேறு. வற்றும் குட்டையின் மீனில் நங்கூரப் புழு, மீன் பேன் ஆகிய ஒட்டுண்ணிகள் இருப்பது வழக்கம். அவை கண்ணுக்குத் தெரிபவை, அகற்றக்கூடியவை. கடையில் பல ஊர்களின் மீன்கள் நெருக்கமாக அடைபடுவதால் வெள்ளைப்புள்ளி போன்ற நோய்கள் விரைந்து பரவும், வாங்கும் நேரத்தில் அடையாளம் ஏதும் தென்படாது. எங்கிருந்து வந்தாலும் மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதில் விட்டுக்கொடுக்க இயலாது.

கடை தரும் இன உறுதி வாய்க்காலில் கிடையாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைவலையில் பாஞ்சாக்சோடு சேர்ந்து வருவது 1928-இல் கொசு ஒழிப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவாக இருக்கலாம். தலையில் வெள்ளிப் பொட்டு இராது, மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். செந்நிறத்தில் பந்துபோல் திரளும் விரால் குஞ்சுகளின் அழகும் ஏமாற்றக்கூடியது, ஓராண்டில் அது தொட்டியில் உள்ள யாவற்றையும் உண்டுவிடும். கெளுத்தியின் முள் குத்தினால் வலியும் வீக்கமும் மிகுதி. ஆகையால் கரையிலேயே வெள்ளை வாளியில் இட்டுத் தேர்ந்தெடுத்து, வேண்டாத நாட்டு மீனை அந்த நீரிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீட்டுக்கு வந்த மீனை மீண்டும் ஏரியில் விடலாகாது. கடை மீனோடு ஒரே நீரில் கிடந்தது நோயையும் சுமந்து செல்லும். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் டேங்க் கிளீனர் மீன் பெருகிக் கிடப்பதற்கு இப்படி விடப்பட்டதும் ஒரு காரணம். வாய்க்கால் மீனையும் கடை மீனையும் ஒருங்கே வளர்க்க விரும்புவோர் தொட்டியை மட்டுமன்றி வலையையும் வாளியையும்கூடத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.