மூன்று வருடம், மூன்று லோ பாஸ் ஃபில்டர்

தெருவில் கல்யாண ஊர்வலம் போகும்போது எங்கள் திருநகர் வீட்டு ஜன்னலைச் சாத்தினால் நாகஸ்வரமும் தவிலின் வலந்தலையும் மங்கிவிடும். தொப்பியின் ‘தொம் தொம்’ மட்டும் சுவரைத் தாண்டி வரும். லோ பாஸ் ஃபில்டர் செய்வதும் இதே வேலைதான். எந்த சுருதிக்கு மேல் சாத்துவது என்பது கட்ஆஃப். அந்த எல்லையில் இருக்கும் சத்தத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது ரெசனன்ஸ். என் யூரோராக் பெட்டியில், அதாவது தனித்தனி பகுதிகளை ஒயரால் இணைத்து வாசிக்கும் சிந்தசைசரில், மூன்று வகை இருக்கின்றன.

முதலில் வாங்கியது மூக் வகை லேடர். சிந்தசைசர் வடிவமைப்பாளர் பாப் மூக் 1969-இல் காப்புரிமை பெற்ற, ஏணி போல அடுக்கிய டிரான்சிஸ்டர் சுற்று. கட்ஆஃபுக்கு மேலே ஒரு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 24 டெசிபல் குறைக்கும். ரம்பப் பல் வடிவ அலையை உள்ளே விட்டால் நெய் ஊற்றிய மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் ரெசனன்ஸை ஏற்ற ஏற்ற பேஸ் கரைந்துவிடும். வெளியே வரும் சத்தத்தைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே அனுப்புவதால் அடிச்சத்தம் தன்னையே கழித்துக்கொள்கிறது. இது தெரியாமல் ஆறு மாதம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, 1978-இல் வந்த கோர்க் எம்எஸ்-20 என்ற சிந்தசைசரில் இருந்த வகை. 12 டெசிபல்தான். ரெசனன்ஸை ஏற்றினாலும் பேஸ் அவ்வளவாக அசையாது. உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டினால், உறுமியில் வளைகுச்சியை இழுக்கும்போது வருமே ஒரு முனகல், அது வரும். இன்னும் கூட்டினால் கத்தும். ஹெட்போனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியாது.

ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் சத்தம் கூடினதையே காது நல்லது என்று சொல்லிவிடும். ரெசனன்ஸை முழுக்க இறக்கி, கட்ஆஃபையும் காதால் சரிக்கட்டி, நண்பரை இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று காதால் கண்டுபிடிக்கப் பார்த்தேன். கீழ் சுருதிகளில் பாதித் தடவை தப்பாகச் சொன்னேன். ரெசனன்ஸ் பாதியைத் தாண்டிய பிறகுதான் இரண்டும் தனித்தனி ஆள்.

மூன்றாவது லோ பாஸ் கேட், இன்னொரு சிந்தசைசர் வடிவமைப்பாளர் டான் புக்லாவின் யோசனை. ஒரு எல்இடி, எதிரே வெளிச்சம் பட்டால் தடை குறையும் மின்தடை. விளக்கு அணைந்த பிறகும் அந்த மின்தடை மெதுவாகத்தான் இருட்டை ஒத்துக்கொள்ளும். அதனால் சத்தத்தின் பளபளப்பு முதலில் போய், அப்புறம் சத்தமே அடங்கும். தோலில் தட்டிய மாதிரியே இருக்கும். சும்மா தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அம்மா, “யாருப்பா உடுக்கு அடிக்கிறது?” என்று கேட்டார். ரெசனன்ஸ் கிடையாது, கனமான பேஸ் லைனுக்கும் ஆகாது. ஆனாலும் தினமும் கை போவது இதன் மேல்தான்.

ஒரு விஷயம், நம்ம ஊர்க்காரர்களுக்கு. லேடரின் ரெசனன்ஸை உச்சத்தில் வைத்தால் அதுவே தனியாகப் பாடும். சுருதி சேர்த்து வாசிக்கலாம். டிரான்சிஸ்டரின் குணம் சூட்டோடு மாறும் என்பதால், காலையில் சேர்த்த சுருதி கத்திரி வெயிலில் இரண்டு மணிக்கு நிற்காது. மே மாதம் முழுக்க நான் ஆறு மணிக்கு மேல்தான் பெட்டியைத் திறக்கிறேன்.