ஏழு வருடமாக வீட்டில் ஒரு ஸக்கரியா

இத்தாலியின் மோடெனாவில் மூடப்போன ஒரு காபிக் கடையிலிருந்து இந்த ‘ஃபர்ஃபாலா’ பின்பால் மெஷினை (சரிவான மேசையில் எஃகுக் குண்டைத் தட்டி ஆடுவது) வாங்கி ஏழு வருடம் ஆகிறது. 1983 மாடல். பெயருக்கு இத்தாலிய மொழியில் வண்ணத்துப்பூச்சி என்று பொருள். மாடிக்கு ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டது.

செய்தவர்கள் பக்கத்து ஊரான போலோனியாவின் ஸக்கரியா நிறுவனத்தார். மரீனோ, ஃபிராங்கோ, நத்தாலே என்று மூன்று சகோதரர்கள். எழுபதுகளில் பின்பால் செய்யத் தொடங்கினார்கள். சிகாகோவின் பாலி, வில்லியம்ஸ் கம்பெனிகளுக்கு அடுத்த மூன்றாவது இடம் அன்று இவர்களுக்குத்தான் என்று இங்குள்ள ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள். நடுவில் ‘குவாசர்’, ‘மணி மணி’, ‘ஜாக் ராபிட்’ என்று வீடியோ கேம்களும் செய்து பார்த்தார்கள்.

வாங்கியதும் உள்ளே திறந்து பார்த்தால், பழைய உரிமையாளர் பேட்டரியைக் கழற்றாமலே பல வருடம் போட்டு வைத்திருக்கிறார். அது கசிந்து, மெஷினை இயக்கும் மின்னணு போர்டின் ஒரு மூலை முழுக்கப் பச்சைக் களிம்பு. வினிகர் தொட்டுத் துடைத்து, அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்க மூன்று வார இறுதிகள் போயின. உதவிக்கு வந்த மெக்கானிக் அமெரிக்க மெஷின்களில் ஊறியவர். பாலியும் வில்லியம்ஸும் அந்தக் காலத்தில் 6800 வகைச் சிப்பைத்தான் வைத்தார்கள். இதிலோ சிக்னெட்டிக்ஸ் 2650 என்ற வேறு வகைச் சிப். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கையில் இருந்த சோதனைச் சிப் எதுவும் உதவவில்லை. கடைசியில் செத்துப்போன இன்னொரு ஸக்கரியாவிலிருந்து ஒரு போர்டு வாங்கி, உதிரிக்கென்று அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்த மெஷின் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், முதலில் போர்டைப் பாருங்கள்.

சரி, மற்றபடி? ரப்பர் வளையங்களை இரண்டு முறை மாற்றினேன். பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டது என் தப்பு. கண்ணாடி ஓவியத்தின் சிவப்பெல்லாம் வெளிறித் தெரிந்தது. பாதியைத் திரும்பப் பழையபடி ஆக்கினேன்.

இதே மேசைகள் இப்போது போனிலும் கணினியிலும் கிடைக்கின்றன. விதி கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் எஃகுக் குண்டு கண்ணாடியில் மோதி ‘டங்’ என்று விரலில் அதிர்வது அதில் வராது.

போன மாதம் குண்டைத் தட்டும் வலது ஃபிளிப்பர் சோர்ந்துவிட்டது. கம்பெனி கதவடைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, யாரைக் கேட்பது? ஃபிளிப்பரை இயக்கும் காயிலுக்குள் (கம்பிச் சுருளுக்குள்) இருக்கும் பிளாஸ்டிக் குழல் தேய்ந்திருந்தது. புதிதாகப் போட்டேன். குண்டு மறுபடி மேல் மூலை வரை ஏறுகிறது.