மிஷன் பள்ளியா, அதே மிஷனின் தனியார் பள்ளியா?

சிங்கப்பூரில் உயர்நிலைக்குப் போகும் பிள்ளையை வைத்திருக்கும் நம் தமிழர்கள், கிறிஸ்தவ மிஷன் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியா, தனியார் பள்ளியா என்ற இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பார்க்கர் ரோடு ஏசிஎஸ் (ஆங்கிலோ-சீனப் பள்ளி), செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்றவை அரசு உதவிபெறும் பள்ளிகள். கல்வி அமைச்சு பாடத்திட்டத்தை மாற்றினால் அவையும் மாறியாக வேண்டும். 1984-இல் உயர்நிலை 3, 4-க்குச் சமய அறிவுப் பாடம் கட்டாயமாக வந்தது, 1990களின் தொடக்கத்தில் அது போய்க் குடியியல், ஒழுக்கக் கல்வி வந்தது. மிஷன் பள்ளிகளும் அப்படியே ஏற்றுக்கொண்டு, தங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தைச் சேப்பல் வழிபாட்டிலும் ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் விதத்திலும் வைத்துக்கொண்டன. இப்போது 2024-இல் உயர்நிலை 1-க்கு வந்தவர்களிலிருந்து பிள்ளைகளைத் திறன்படி பிரித்த எக்ஸ்பிரஸ், வழக்கநிலைப் பிரிவுகளே கிடையாது, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் எடுக்கலாம், ஜி3-தான் மேல்நிலை. கணக்கில் தடுமாறுகிற பிள்ளை தமிழை ஜி3-இல் படிக்கலாம், இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்.

2005-இல் தொடங்கிய ஏசிஎஸ் இன்டர்நேஷனல் தனியார் பள்ளி. அங்கே ஐஜிசிஎஸ்இ, அப்புறம் ஐபி என்ற அனைத்துலகப் பாடத்திட்டங்கள். அமைச்சின் சீர்திருத்த அலை அங்கே நேரடியாக அடிக்காது. சுதந்திரம் அதிகம், கட்டணமும் மிக அதிகம்.

எனக்கு முக்கியம் தமிழ். உதவிபெறும் பள்ளியில் தாய்மொழி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றாலும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்தில் படிக்க வழி உண்டு. தனியார் பள்ளியில் தமிழ் உண்டா என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியே 1887-இல் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது, நினைத்தால் பெருமையாக இருக்கிறது. என் ஓட்டு உதவிபெறும் பள்ளிக்கே. அடிக்கடி வெளிநாட்டுக்கு மாற்றலாகும் குடும்பம் என்றால் மட்டும் மற்றதைப் பாருங்கள்.