பொட்டாஷ் மூட்டை தின்ற பிக்கப்: துரு வேலை பார்த்து நாலரை வருடம்

"ஊட்டியில் கடலா இருக்கு, வண்டி இப்படித் துருப்பிடிக்க?" மேட்டுப்பாளையத்தில் என் பிக்கப்பைப் பார்த்த பலர் கேட்ட கேள்வி இது. எனக்கும் ரொம்ப நாள் பதில் தெரியாது.

வண்டி 2011 மாடல். 2014இல் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஊட்டிப் பக்கம் கேத்தி பாலாடாவில் கழுவிய கேரட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது, திரும்பும்போது உரமோ கோழி எருவோ ஏற்றி வருவது, இதுதான் அதன் பிழைப்பு. மெஷினில் கழுவி மூட்டை பிடித்த கேரட்டிலிருந்து குன்னூர் தாண்டும் வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஜூனில் மழை பிடித்தால் டிசம்பர் வரை ஏதாவது ஒரு ரூபத்தில் ஈரம் உண்டு. மழை இல்லாத நாளில் மூடுபனி.

2018இல் முதல் வேலை பார்த்தேன். டிரைவர் பக்க மிதியடிக்குக் கீழே ஓட்டை விழுந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சேறு பேன்ட்டில் அடித்தது. பக்கத்திலேயே ஒரு பட்டறையில் ஃபைபர் துணி ஒட்டி, மேலே பட்டி (மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் பசை) இழைத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். 9,000 ரூபாய். பார்க்கப் புது வண்டி மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம்கூட முழுதாகத் தாங்கவில்லை. பட்டி தண்ணீரை உறிஞ்சும், அடியில் துரு அப்படியே இருந்தால் அது பட்டியைத் தூக்கிவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

2021 பிப்ரவரியில் வண்டியைக் கீழே மேட்டுப்பாளையத்துக்கே கொண்டுபோனேன். மலையில் பெயின்ட் வேலை பார்க்கப் பிப்ரவரி, மார்ச்தான் சரியான காலம் என்றாலும், எனக்கு வேண்டிய டிங்கர் அண்ணன், அதாவது தகடு வேலை பார்ப்பவர், கீழேதான் இருந்தார். சீட்டைக் கழற்றி, தரையில் கிடந்த மேட் விரிப்பைத் தூக்கினார். அடியில் சத்தம் குறைக்கப் போட்டிருந்த ஃபெல்ட் துணியைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாக்பீஸ். குத்திக்கொண்டே போனார்; உள்ளே இறங்கும் இடத்தையெல்லாம் கோட்டுக்குள் சேர்த்தார். நான் காட்டியது உள்ளங்கை அகல ஓட்டை. அவர் கோடு போட்டு முடித்தபோது அது ஒரு முறம் அளவு வந்துவிட்டது.

"நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும் தம்பி. துருத்தகட்டுல வெல்டு நிக்காது, ஊதிக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அங்கேதான் கடல் கேள்விக்கும் பதில் கிடைத்தது. லோடு பாடியின் முன்பலகையும் தரைத் தகடும் சேரும் மடிப்பை விரித்துக் காட்டினார். ஈர மண்ணோடு இளஞ்சிவப்பாகச் சில குருணைகள். பொட்டாஷ். ஓட்டை மூட்டையிலிருந்து சிந்தியது. நாம் தோட்டத்துக்குப் போடும் சாதாரண பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்பைத் தின்பது இரண்டிலும் உள்ள அதே குளோரைடுதான். போதாததற்கு, காற்றில் உள்ள ஈரத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஏழு வருடமாக நானே அந்தக் கடலையே மூட்டை கட்டி மலையேற்றியிருக்கிறேன்!

வேலை 16 நாள். வெட்டிய இடத்துக்கெல்லாம் 18 கேஜ் சி.ஆர். ஷீட், பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போடலாமே என்று கேட்டேன். துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளிவிடும், ஓரமெல்லாம் கிரைண்டிங் பிடிக்க வேண்டும், அப்படிப் பிடித்த இடத்தில் பூச்சும் போய்விடும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு சி.ஓ.டூ வெல்டிங்கில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்தார். ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். அப்புறம் எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட், இணைப்புகளில் சீலர், அதற்கும் மேல்தான் பட்டி, அதுவும் மெல்லிசாக. எல்லாம் சேர்த்து 46,000 ஆனது. வீட்டில் யாரும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இனி நாலரை வருடக் கணக்கு. கேபின் தரை இன்றைக்கும் கல் மாதிரி இருக்கிறது. ஃபெல்ட்டைத் திரும்பப் போடவில்லை. சத்தம் கொஞ்சம் கூடுதல், போகட்டும். லோடு பாடி மடிப்பும் நன்றாகவே இருக்கிறது. அதற்கு சீலர் பாதிக் காரணம் என்றால், உரம் ஏற்றும் நாளில் கீழே விரிக்கும் தார்ப்பாயும், இறக்கியதும் அடிக்கும் தண்ணீரும் மீதிப் பாதி.

சொதப்பியது புட்போர்டுக்கு உள்ளே இருக்கும் மூடிய பெட்டி. வெளியிலிருந்து வெல்டு வைத்தால் உட்பக்கப் பூச்சு கருகிவிடும், அங்கே பிரஷ்ஷும் நுழையாது. கேவிட்டி வாக்ஸ் என்று, மூடிய பெட்டிக்குள் துரு வராமல் இருக்க அடிக்கும் மெழுகு ஒன்றைக் கோவையிலிருந்து வாங்கிவந்து, தண்ணீர் வடியும் ஓட்டை வழியாகக் குழாய் விட்டு வலது பக்கம் அடித்தோம். டின் தீர்ந்துவிட்டது. மறுநாள் கேரட் லோடு இருந்தது. இடது பக்கத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன்; அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. 2023 ஏப்ரலில் இடது பக்கம் பெயின்ட் கொப்புளம் கட்டியது. அந்தத் துண்டை வெட்டிப் போட இன்னொரு 7,000. வலது பக்கம் இன்றுவரை சுத்தம். ஒரே வண்டி, ஒரே வெல்டர், ஒரே மழை.

மட்கார்டுக்கு உள்ளே அடித்த ரப்பர் கோட்டிங்கை இனி அடிக்க மாட்டேன். கல் பட்டு ஓரிடத்தில் கிழிந்தது, தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. ஒரு நாள் விரலால் இழுத்தேன், தோசை மாதிரி உரிந்து வந்தது. அடியில் செம்பழுப்புப் பொடி. நல்ல பிரைமர் மேல் அடித்தால் நிற்கலாம். பழைய துருவின் மேல் அடித்தால் அது துருவுக்குப் போர்த்திய கம்பளி. வேஸ்ட் ஆயில் அடிக்கும் வழக்கமும் மலையில் உண்டு. சேசிஸ் துருப்பிடிக்காது என்பது என்னவோ உண்மைதான். ஆனால் அடியில் இணைப்புகளில் இருக்கும் புஷ் ரப்பர் ஊதிப்போகிறது, ஆயில் நிறுத்துமிடத்து மண்ணில் சொட்டுகிறது. ஒரு தடவையோடு விட்டுவிட்டேன்.

செலவே இல்லாத ஒரு வேலைதான் அதிகம் உதவியது. கதவுகளின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் அதில்தான் வடிய வேண்டும். செம்மண் அடைத்தால் கதவு குடமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றால் அதையெல்லாம் குத்திவிடுகிறேன். நவம்பர் மழையில் ஒரு கதவிலிருந்து அரை சொம்பு தண்ணீர் வந்தது.

போன மாதம் முன்கண்ணாடியின் இடது மூலையில், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பீடிங் ரப்பருக்கு அருகே, மிளகு அளவில் ஒரு கொப்புளம் பார்த்தேன். வெளியே மிளகென்றால் உள்ளே எலுமிச்சையாவது இருக்கும். அண்ணனிடம் போனில் சொன்னேன். "கண்ணாடிய எறக்கித்தான் பார்க்கணும், பிப்ரவரில வா" என்றார். பீடிங்கும் வாக்ஸும் வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை வாக்ஸ் இரண்டு டின்.